பாலைக் குற்றி

ரொறன்ரோவில் இருந்து மருமகன் செவ்வாய்க்கிழமை இரவு எடுத்தான். கிளிநொச்சி டவுனைச் சுற்றி ஏ9 வீதியோரம் நாலைந்து காணி வாங்கி, வீடு கட்டி, வாடகைக்கு விடப்போகிறானாம். “மாமா, எந்த வேலையை ஆக்களிட்டைக் குடுக்கலாம், எதை நானே பாக்கவேணும்? ஒரு லிஸ்ட் சொல்லுங்கோ.” கேட்டதில் பிழையில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

லிஸ்ட் பெரிய விசயமில்லை. அளக்க சர்வேயர், உறுதி முடிக்க நொத்தாரிசு. அதற்கு முன் காணிப் பதிவகத்தில் முப்பது வருடத் தோம்பு பார்க்க உனக்கென்று ஒரு சட்டத்தரணி. விற்கிறவரின் ஆள் வேண்டாம். கட்டுவதைக் கொந்தராத்துக்கு விடு, வாடகையை வங்கியில் போடச் சொல்லு. இவ்வளவையும் ரொறன்ரோவில் இருந்தே செய்விக்கலாம்.

கையெழுத்தை மட்டும் கொடுத்துவிடாதே என்றேன். அற்றோணித் தத்துவம் பற்றி இந்தப் பத்தியில் நான் எத்தனை தடவை எழுதினேன் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும். இன்னும் எழுதுவேன். வாங்க, விற்க, ஈடு வைக்க என்று எல்லா அதிகாரத்தையும் ஒரே தாளில் அள்ளிக்கொடுத்து, வாசிக்காமலே ஒப்பம் வைத்து அனுப்புகிறார்கள். இந்தக் காணிக்கு, இந்த வேலைக்கு மட்டும் என்று மட்டுப்படுத்தி எழுதலாம், எழுதுவிப்பார் இல்லை. என் கூட்டாளி ஒருவரின் காணி அப்படித்தான் மூன்றாம் கைக்குப் போனது. ஊருக்கு வந்து வேலி அடைக்கப் போன அன்றுதான் அவருக்கே தெரியும்.

வேலி என்றதும் கேட்டேன்: “தம்பி, ஸ்கந்தபுரத்தில அப்பான்ரை காணிக்கு எல்லை எது?”

“கூகுள் மப்பில பாத்தனான் மாமா.”

அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணி. நினைத்தபடி விற்க முடியாது. குடியிருக்க வேண்டும், செய்கை பண்ண வேண்டும். தவறினால் பத்திரத்தையே ரத்துச் செய்யலாம். அத்தான் இவனைத்தான் பின்னுரித்தாளராக எழுதிவைத்துவிட்டுப் போனார். அதில் உழுந்தும் கச்சானும் போட்டு அதைக் காணியாக வைத்திருப்பவர் பக்கத்துக் காணியில் இருக்கும் என் பெரியக்கா. இவனுக்குப் பெரியம்மா.

1996இல் கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் வந்தபோது, அந்தக் காணியில் எட்டுக் குடும்பம் கொட்டில் போட்டது. 2008இல் நாங்களே எழும்பினோம். பெரியக்கா இரண்டு பத்திரத்தையும் யூரியாப் பையில் சுற்றி, போன இடமெல்லாம் கொண்டு திரிந்தார். திரும்பி வந்தபோது வேலியுமில்லை, எல்லைக் கல்லுமில்லை, புல் ஆளுயரம். பெரியக்கா கிணற்றுக் கட்டில் ஏறி நின்று கனநேரம் பார்த்தார். பிறகு இறங்கி நேரே போய், எரிந்த பாலைக் குற்றி ஒன்றைக் காலால் தட்டிக் காட்டினார். அதிலிருந்து கிழக்கே இருபத்திரண்டு கவடு வைத்து, கிளுவைக் கதியால் ஒன்றை நட்டார். பிறகு வந்த சர்வேயரின் நூலும் அதிலேயே விழுந்தது.

அன்று தொட்டு வேலி அவர் பொறுப்பு. ஒரு கதியால் பட்டுப்போனால் புதியதை அதே குழியில் வைக்கவேண்டும். ஒரு சாண் தள்ளி வைத்தால் நாலைந்து அடைப்பில் ஒரு மாட்டுப்பட்டி அளவு நிலம் அடுத்தவனுக்குப் போய்விடும். வைக்கும்போது ஆள் நிற்கவேண்டும். பெரியக்கா நிற்பார்.

2025 மார்ச் 28 வர்த்தமானி, வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரச் சொன்னது. ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. எங்கள் துண்டுகள் அதில் இல்லை. என்றாலும் அந்த மூன்று மாதமும் பெரியக்கா யூரியாப் பையைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுத்தார்.

மருமகன் சொன்னதை வியாழக்கிழமை அவரிடம் சொன்னேன். டவுன் காணிக் கதை அவர் காதில் ஏறவில்லை.

“பிள்ளையை ஐப்பசி மழைக்கு முதல் வரச்சொல்லு,” என்றார். “குற்றியைக் கறையான் அரிச்சுப்போட்டுது. வந்தால் இருபத்திரண்டு கவட்டையும் அவனைக்கொண்டே வைப்பிக்கலாம்.”