ஆஸ்பிரின் ஒன்றும் சத்து மாத்திரை அல்ல!

'ஹார்ட்டுக்கு நல்லதாமே' என்று தினமும் ஒரு குட்டி ஆஸ்பிரின் மாத்திரையைப் போட்டுக்கொள்பவர் உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். 'எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்?' என்று கேட்டுப் பாருங்கள். 'டாக்டரெல்லாம் இல்லை. என் சம்பந்தி போடறார், நானும் ஒரு அட்டை வாங்கிட்டேன்' என்பார். மாரடைப்பு வந்தவருக்கு உயிர் காக்கும் மாத்திரை, ஒன்றும் வராதவருக்கும் நல்லது செய்துதானே ஆக வேண்டும் என்று நினைக்கிறோம். அங்கேதான் தப்புக் கணக்கு!

முதலில் நம் ரத்தத்தைப் பார்ப்போம். டெங்கு புண்ணியத்தில் 'ப்ளேட்லெட்' என்ற வார்த்தை இப்போது எல்லா வீட்டிலும் புழங்குகிறது. தமிழில் தட்டணுக்கள். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். இத்தாலியின் டூரின் நகரத்து விஞ்ஞானி ஜூலியோ பிட்சொசெரோ, 1882-லேயே இவற்றின் வேலையை விளக்கிவிட்டார்.

அரிவாள்மணையில் விரல் பட்டு ரத்தம் வருகிறதா? அறுபட்ட இடத்தில் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்கின்றன. முள் முளைத்த மாதிரி உருமாறி, 'த்ராம்பாக்ஸேன்' என்ற ரசாயனத்தை வெளியிட்டு மற்ற தட்டணுக்களையும் கூப்பிடுகின்றன. அந்தக் கும்பலின் மேல் ஃபைப்ரின் என்ற நார் வலைபோலப் பின்னிக்கொள்ள, ஓட்டை அடைபடுகிறது. இதே காரியம் இதய ரத்தக்குழாய்க்குள், கொழுப்புப் படிவம் வெடித்த இடத்தில் நடந்தால்? ரத்தம் போகும் வழியே அடைபடும். அதுதான் மாரடைப்பு. ஆக, விரலில் நம்மைக் காப்பாற்றுவதும், இதயத்தில் ஆளைச் சாய்ப்பதும் ஒரே தட்டணுதான்!

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் க்ளெண்டேல் ஊரில் லாரன்ஸ் க்ரேவன் என்று ஒரு டாக்டர் இருந்தார். டான்சில் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம் மென்றவர்களுக்கு ரத்தம் நிற்கத் தாமதமாவதைக் கவனித்தார். 'அப்படியானால் இதயத்தில் ரத்தம் உறைவதையும் இது தடுக்குமே!' என்று யோசித்தார். சுமார் 8,000 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1956-ல் கட்டுரை எழுதினார். மாத்திரை சாப்பிடாதவர்களோடு அவர் ஒப்பிட்டுப் பார்க்காததால், மருத்துவ உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் ஜான் வேன். 1971-ல் அவர் சொன்ன விளக்கத்துக்கு 1982-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. த்ராம்பாக்ஸேன் போன்ற ரசாயனங்கள் உருவாக ஒரு என்சைம் தேவை. ஆஸ்பிரின் அதை முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. புது என்சைம் தயாரிக்க முடியாது. ஆகவே, அது வாழும் 7 முதல் 10 நாள் வரை அந்த முடக்கம் முடக்கம்தான். இத்தனூண்டு மாத்திரை என்று அலட்சியமாக நினைக்காதீர்கள்!

யாருக்கு இதனால் லாபம்? 1988-ல் வெளியான 'ஐஸிஸ்-2' ஆய்வில் 17,000-க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகள் பங்கேற்றார்கள். ஆஸ்பிரின் கொடுத்தவர்களிடம் முதல் 5 வாரத்தில் இதய, ரத்தக்குழாய் மரணங்கள் 23 சதவிகிதம் குறைந்தன. சந்தேகமே வேண்டாம், அவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

ஆனால் 'ஆஸ்ப்ரீ' ஆய்வைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதய நோய் இல்லாத 19,114 முதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தினம் 100 மி.கி. ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. 2018-ல் முடிவு வந்தது. இதய நோயும் பக்கவாதமும் குறிப்பிடும்படி குறையவில்லை. பெரிய அளவில் ரத்தக்கசிவு ஏற்பட்டதோ, ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 361 பேருக்கு. மற்றவர்களில் 265 பேருக்கு! 60 வயதைத் தாண்டிய ஆரோக்கியமானவர்கள் தடுப்புக்காக இதைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்று 2022-ல் அமெரிக்க நிபுணர் குழு சொல்லிவிட்டது.

'வருமுன் காப்பது தப்பா?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பி.பி., சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் கட்டுக்குள் வையுங்கள். சிகரெட்டை விடுங்கள். தினமும் நடங்கள். இதெல்லாம்தான் வருமுன் காப்பது. அதைச் செய்யச் சோம்பல்பட்டு மாத்திரைக்குள் ஒளிந்துகொள்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! திடீரென நிறுத்தினால் ஸ்டென்ட்டிலேயே ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போனால், ஆஸ்பிரின் சாப்பிடுவதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் உடனே ஓடுங்கள். டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் பக்கமே போகாதீர்கள்.

ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் சம்பந்தி சொல்லி நடக்கிற காரியம் இல்லை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, 'எனக்கு இது தேவைதானா?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் உங்களுக்கென்று இருக்கும்; பக்கத்து வீட்டுக்காரருக்கு அது பொருந்தாது.