காலி இடத்தைத் திருத்துவது ஒரு வேலையா?

பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாலி கட்டி முடிந்தது. வீடியோக்காரர் கேமராவில் இருந்து ஒரு மெமரி கார்டை உருவுகிறார். தபால் தலை அளவுதான் இருக்கும். மணப்பெண் அழுதது, மாமன் சிரித்தது, பாட்டி திருநீறு பூசியது எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

எந்தப் படம் அந்த அட்டையில் எந்த மூலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? அந்த வேலையைச் செய்வதற்குத்தான் 'பைல் சிஸ்டம் டிரைவர்' என்று பெயர். டிரைவர் என்றதும் பஸ் ஓட்டுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். இது எழுதி வைத்த கட்டளைகளின் தொகுப்பு. அரிசி மண்டிக் கணக்குப்பிள்ளை மாதிரி என்று சொல்லலாம். கணக்கு தப்பினால் மூட்டை இருந்தும் இல்லாததுதான்!

அந்தக் கட்டளைகளை 'சி' என்ற மொழியில் எழுதுகிறார்கள். வரிக்கு முன்னால் இடம் விட்டு, உள்தள்ளி எழுதுவது வழக்கம். வேடிக்கை என்னவென்றால், அந்த இடைவெளியைக் கம்ப்யூட்டர் சட்டை செய்வதே இல்லை. ஒரு இடம் விட்டாலும் சரி, ஒன்பது இடம் விட்டாலும் சரி.

பிறகு இடைவெளி யாருக்கு? படிக்கிற மனிதனுக்கு!

'பலகைகள்' என்று சேர்த்து எழுதினால் மரப்பலகை. 'பல கைகள்' என்று பிரித்தால் வேறு. ஓலைச் சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் கிடையாது. பண்டிதர்களே திணறினார்கள். மர்ரே எஸ். ராஜம் 1950-களில் பழந்தமிழ் நூல்களைச் சொல் பிரித்து, மலிவுப் பதிப்பாக அச்சிட்டார். பண்டிதர் அல்லாதவரும் அவற்றைத் தொட்டுப் பார்க்க முடிந்தது.

கண்ணை ஏமாற்றும் இடைவெளியும் உண்டு. 2014-ம் ஆண்டு பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனிக்கு இது நேர்ந்தது. ஒரே வரி தவறுதலாக இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டாவது வரி உள்தள்ளி நின்றதால், முதல் வரியைப் போலவே ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது போலத் தெரிந்தது. உண்மையில் அது கட்டுப்படவில்லை. விளைவு? இணையத்தில் எதிரே இருப்பது உண்மையான ஆளா என்று பார்க்கும் சோதனையே நடக்காமல் போயிற்று.

ஆகவே, லினக்ஸ் கெர்னலில் இதற்குச் சட்டம் உண்டு. உள்தள்ளுவது என்றால் எட்டு எழுத்து அகலம். அதையும் 'டேப்' விசையால்தான் தள்ள வேண்டும். வரியின் கடைசியில் காலி இடம் தொங்கக் கூடாது. மீறினால் காட்டிக்கொடுக்க 'செக்பேட்ச்' என்று ஒரு கருவியும் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு கதவு

லினக்ஸ் நம் ஊருக்குப் புதிது அல்ல. 2011-ம் ஆண்டு தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் விண்டோசுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் இருந்தது. லினக்சைத் திருத்தி அனுப்ப யாரிடமும் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டாம். பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்தும் அனுப்பலாம். பாரிசில் இருந்தும் அனுப்பலாம்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் தொடுவது இந்தக் காலி இடத்தைத்தான். 2019-ம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். பெரிய மெமரி கார்டுகளில் இருக்கும் 'எக்ஸ்பேட்' முறையின் விவரங்களை மைக்ரோசாப்ட் அந்த ஆகஸ்டில் வெளியிட்டது. அதற்கான டிரைவர் ஒன்று நவம்பரில் வந்த லினக்ஸ் 5.4-ல் சேர்ந்தது. 'ஸ்டேஜிங்' என்ற திண்ணையில்தான் அதற்கு இடம் கிடைத்தது. அவ்வளவு அலங்கோலம்! பலர் கூடி இடைவெளிகளைச் சீர் செய்தார்கள்.

அடுத்த ஆண்டு என்ன ஆயிற்று? சாம்சங் கம்பெனியாரின் புது டிரைவர் வந்தது. 2020-ம் ஆண்டு லினக்ஸ் 5.7-ல் அதற்கு வீட்டுக்குள்ளேயே இடம் கிடைத்தது. பழையதை எடுத்து எறிந்துவிட்டார்கள். வெள்ளையடித்த சுவரையே இடித்தாயிற்று!

வீண் வேலைதானே என்று சிலர் கேட்கலாம். வீண் இல்லை. சிலேட்டில் எழுதிய அ, ஆ அழிந்துபோகிறது. எழுதிய கைக்குப் பழக்கம் அழிவது இல்லை. பழகுவதற்குத்தான் திண்ணை.

ஆனால் திண்ணையில் செய்வதை வீட்டுக்குள் செய்யப் புறப்பட்டால், அது தொல்லை. பல ஆண்டுகளாக ஒழுங்காக ஓடும் டிரைவரில், அழகுக்காக மட்டும் முந்நூறு வரிகளை நகர்த்துகிறார் ஒருவர் என்று வையுங்கள். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று 'கிட்' என்ற ஏடு சொல்லும். இனி முந்நூறு வரிக்கும் இவர் பெயரைத்தான் அது முதலில் காட்டும். வரியை ஏன் அப்படி எழுதினார்கள் என்று தேடுகிறவர் இவரைத் தாண்டிப் போக வேண்டும்.

அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. படங்களை அழிக்கும் பிழை ஒன்று பின்னால் அகப்படுகிறது. அதற்கான திருத்தத்தைப் பழைய லினக்சுகளுக்கும் அனுப்ப வேண்டும். இங்கே ஒரு இடைவெளி, அங்கே ஒரு இடைவெளி என்றால் திருத்தம் ஒட்டாது. கையால் பார்த்துப் பார்த்து ஒட்ட வேண்டும். அழகு பார்த்தவர் ஒருவர், அவதிப்படுகிறவர் வேறொருவர். அழகுக்காக மட்டும் இப்படிச் செய்ய வேண்டாம் என்று லினக்ஸ்காரர்களே புதியவர்களுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அது கர்வம் அல்ல, நியாயம்.

பழுது பார்க்கப் போன இடத்தைச் சுற்றித் துடைக்கலாம். துடைத்ததையும் பழுது பார்த்ததையும் ஒரே கடிதத்தில் கலக்கக் கூடாது. கலந்தால், ஒரு மூட்டை அரிசியில் ஒரே ஒரு கல் கிடந்தால் யார் கண்ணில் படும்?

இடைவெளி மட்டும்தான் மாறியது என்று வாயால் சொன்னால் போதாது. இடைவெளியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஒப்பிடச் சொன்னால் 'கிட்' ஒப்பிட்டுக் காட்டும். அப்போது ஒரு எழுத்துகூட வித்தியாசம் தெரியக் கூடாது. தெரிந்தால், அந்தக் கடிதத்தை அனுப்பாமல் வைத்துவிட்டு மறுபடியும் முதல் வரியில் இருந்து படிக்க வேண்டியதுதான்.