புகைக்கு ஏது கடவுச்சீட்டு?

"எமது எல்லைக்குள் எரிகிறது நெருப்பு, கேட்க நீ யார்?" என்று உறுமுகிறது ஓர் அரசு. "உமது நெருப்பின் புகை எமது குழந்தைகளின் நெஞ்சில் புகுந்துவிட்டதே, யாரிடம் முறையிடுவோம்?" என்று அலறுகிறது அண்டை நாடு. புகையோ, இருவரையும் எள்ளி நகையாடியபடி கடல் கடக்கிறது. கடவுச்சீட்டு கேட்பார் இல்லை. சுங்கச் சாவடியில் நிறுத்துவாரும் இல்லை!

கற்பனையல்ல, தோழர்களே! இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் மூண்ட தீ 1997, 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் மலேசியாவையும் சிங்கப்பூரையும் மூச்சுத் திணற வைத்தது. நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழும் நாடுகள் அவை. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்றுமாசுக் குறியீடு 401-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே பேராபத்து. அந்த வாரத்தில் இந்தோனேசிய அமைச்சர் ஒருவர் உரைத்தது என்ன? சிங்கப்பூர் குழந்தைபோல் நடந்துகொள்கிறதாம்!

"மழை பொய்த்தது, எல்லாம் விதி" என்பர் சிலர். வாய்க்காலை வெட்டியது விதியா? ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மட்கிய மரஞ்செடிகள் படிந்து உருவான சதுப்பு நிலம் அது. நீர் நிறைந்திருக்கும்வரை எளிதில் எரியாது. செம்பனைக்கும் காகிதக் கூழ் மரத்துக்கும் இடம் தேடி, அந்த நீரை வடித்தது மனிதன் கை. உலர்ந்தபின் வைத்த தீ, மண்ணுக்கடியில் புகுந்து வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். வறட்சி துணை நின்றது. வழி அமைத்தது இலாப வேட்கை!

அந்த இலாபம் எங்கே போகிறது? இந்தோனேசிய முதலாளிகளின் பெட்டிக்கு மட்டுமா? அங்குள்ள தோட்டங்களில் மலேசிய முதலும் உண்டு, சிங்கப்பூர் முதலும் உண்டு. புகை வரும் வழியிலேயே இலாபமும் வருகிறது. புகையைச் சபிக்கும் நகரம், இலாபத்தை மாலையிட்டு வரவேற்கிறது! 2015-இல் முதலில் மூச்சடைத்தவர் யார்? பலங்காராயா நகரத்து இந்தோனேசிய ஏழை மக்களன்றோ! ஆகவே இது நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் வழக்கன்று. இலாபத்துக்கும் மூச்சுக்கும் நடக்கும் வழக்கு.

நீதிக்கு முன்மாதிரி இல்லையா? உண்டு. கனடாவின் டிரெயில் நகரில் ஈயமும் துத்தநாகமும் உருக்கிய ஆலையின் கந்தகப் புகை, எல்லை தாண்டி அமெரிக்க உழவரின் பயிரைக் கருக்கியது. தன் மண்ணிலிருந்து எழும் புகையால் பிறர் மண்ணுக்குக் கேடு விளைவிக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை என்று 1941-இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. கனடா இழப்பீடும் தந்தது.

தென்கிழக்கு ஆசியாவிலோ, ஆசியான் நாடுகளின் புகைமூட்ட ஒப்பந்தம் 2002-இல் கையெழுத்தாயிற்று. இந்தோனேசியா அதற்கு ஒப்புதல் அளித்தது 2014-இல். பன்னிரண்டாண்டுத் தாமதம்! அதிலும், மீறுவோரைத் தண்டிக்கும் பல் இல்லை. அதே 2014-இல் சிங்கப்பூர், எல்லைக்கு அப்பால் தீ மூட்டும் நிறுவனத்துக்கும் நாளொன்றுக்கு ஒரு லட்சம் வெள்ளிவரை தண்டம் விதிக்கச் சட்டம் இயற்றியது. நல்ல தொடக்கம், ஆனால் ஒரு கை தட்டினால் ஓசை எழுமா?

"எமது இறையாண்மையில் தலையிடாதே" என்பது அவர்களது இறுதி வாதம். அன்னியர் ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடிப் பெற்ற இறையாண்மை, மக்களின் கேடயம். தோட்ட முதலாளியின் திரைச்சீலையன்று!

இளைஞனே! புகை சூழும்போது எந்த நாட்டைத் திட்டுவது என்று தேடாதே. எரிந்த நிலம் எவருடையது, உரிமம் தந்தவர் எவர், ஆதாயம் அடைந்தவர் எவர் என்று கேள். நில உரிம வரைபடத்தை வெளியிடு என்று எல்லா அரசுகளையும் கேள். அந்தக் கேள்விக்கும் கடவுச்சீட்டு வேண்டியதில்லை!