நம் சின்னம் நமக்கே திறக்கவில்லை!



ஆண்டு விழாவுக்குப் பத்தடி ஃப்ளெக்ஸ் வைத்தோமே, அதில் நம் பள்ளிச் சின்னத்தைப் பார்த்தீர்களா? குத்துவிளக்கு படிக்கட்டு மாதிரி இருந்தது. பொறுப்பு எங்கள் குழுதான். அந்தச் சின்னத்தை வரைந்த, ஓய்வுபெற்ற டிராயிங் சார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

நடந்தது இதுதான். சின்னம் ஒரு பழைய சிடியில் சிடிஆர் ஃபைலாக இருந்தது. அது கோரல்ட்ராவில் வரைந்தது. நம் கணினி அறையில் கோரல்ட்ரா கிடையாது. "கடைசியில சிடிஆர்னு இருக்கறத எஸ்விஜின்னு மாத்துடா, திறந்துடும்" என்றான் ஒருவன். உப்பு டப்பாவில் சர்க்கரை என்று சீட்டு ஒட்டினால் உப்பு இனிக்குமா? நேரமில்லாததால் லெட்டர்பேடில் இருந்த சின்னத்தை ஸ்கேன் செய்து ஜேபிஜியாகக் கொடுத்துவிட்டோம். ஜேபிஜி புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் புள்ளியும் பெரிதாகும். வெக்டர் படமோ கோடுகளின் கணக்கு. தபால்தலை அளவிலும் சுவர் அளவிலும் ஒரே கூர்மை!

இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் பல சிடிஆர் ஃபைல்களைத் திறக்கும் என்பது விழா முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. திறந்தோம். விளக்கு அப்படியே வந்தது! ஆனால் கீழே இருந்த பள்ளியின் பெயர் பழைய தமிழ் ஃபான்டில் இருந்ததால் ஏதேதோ ஆங்கில எழுத்தாகத் தெரிந்தது. அதே ஃபான்டைத் தேடிப் போட்டதும் சரியானது. பிறகு எழுத்துகளைக் கோடுகளாக மாற்றி (கடைக்காரர்கள் 'கர்வ் பண்றது' என்பார்கள்) எஸ்விஜியாகச் சேமித்தோம். இனி எந்தக் கணினியிலும் எழுத்து மாறாது.

"கோரல்ட்ரா இருக்கிற கடையில் கொடுத்தால் முடிந்ததே" என்று சிலர் கேட்கலாம். இன்று முடியும். ஆனால் நம் சின்னத்தைத் திறக்க எப்போதும் இன்னொருவர் கையை எதிர்பார்ப்பதா? எஸ்விஜி 2001-இல் டபிள்யூ3சி அமைப்பு அறிவித்த பொதுத்தரம். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. குற்றம் மென்பொருளில் இல்லை. ஒரே வடிவத்தில் வைத்துவிட்டு மறந்துபோன நம்மிடம்தான்.

எனவே என் வேண்டுகோள்: பழைய சிடிஆரை அழிக்காமல், எஸ்விஜி, பிடிஎஃப் பிரதிகளையும் பள்ளி அலுவலகத்தில் வைக்க வேண்டும். மாற்றிய பிறகு நிறத்தையும் கோட்டையும் அச்சிட்ட பழைய தாளோடு ஒப்பிட வேண்டும். கர்வ் செய்த எழுத்தைத் திரும்ப டைப் செய்து திருத்த முடியாது. ஆகவே கர்வ் செய்யாத பிரதி ஒன்றும் தேவை.

அடுத்த விழாவில் சார் முன்வரிசையில் உட்காரும்போது அவர் வரைந்த விளக்கு அவர் வரைந்தபடியே எரியட்டும்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்