ஆறு வயதுக்கு முன் தொடங்கும் ஏற்றத்தாழ்வு

1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 14 வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி அடிப்படை உரிமை என்றது. 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசமைப்புத் திருத்தம் அவ்வுரிமையை 6 முதல் 14 வயதுக்குள் அடக்கி, அதற்கு இளையோரை 45ஆவது உறுப்பின் ‘அரசு முயலும்’ என்ற வாசகத்துக்குள் ஒதுக்கிவிட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயதிலிருந்தே கல்வியைத் தொடங்குகிறது, உண்மைதான். ஆனால் கொள்கையைக் காட்டி எந்தத் தாயும் நீதிமன்றப் படியேற இயலாது. வசதியுள்ள வீடு இந்த இடைவெளியைக் கட்டணம் செலுத்திக் கடந்துவிடும். மற்றவர்களுக்கு அங்கன்வாடிதான்.

அங்கன்வாடியைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் கட்டடம், முட்டை, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இவை தேவையே. எனினும் மொழி என்ற ஒன்று அங்கே யார் கண்ணிலும் படுவதில்லை. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் சந்தாலிக் குழந்தையை எண்ணிப் பார்க்கலாம். சந்தாலியில் ‘நாம்’ என்பதற்கு நான்கு வடிவங்கள் உண்டு: இருவர் என்றால் ஒன்று, பலர் என்றால் வேறு, அவை ஒவ்வொன்றிலும் கேட்பவரைச் சேர்த்தால் ஒன்று, விலக்கினால் மற்றொன்று. நாம், நாங்கள் என்ற பகுப்பில் வளர்ந்த தமிழருக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். ஒடியாவில் இந்த நான்கு வடிவப் பகுப்பு இல்லை. இத்தகைய இலக்கணத்தை வீட்டிலேயே கற்றுவரும் குழந்தை, ஒடியாப் பாட்டுக்கு வாய் திறக்காமல் அமர்ந்திருந்தால் ‘மந்தம்’ என்று பெயர் வாங்குகிறது. அந்தப் பெயர் ஒன்றாம் வகுப்புக்கும் கூடவே போகிறது.

ஒடிசா 2007இலேயே பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கிய மாநிலம், பாராட்டத்தக்கதே. ஆயினும் எழுத்தறியாத மூன்று வயதுக் குழந்தைக்கு நூலைவிடப் பேசும் ஆள்தான் முக்கியம். அங்கன்வாடிப் பணியாளர் உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. பல மொழியினர் வாழும் ஊரில் அந்த ‘உள்ளூர்’ எந்தத் தெரு என்பதை மட்டும் விதி கேட்பதில்லை. (அவருக்குத் தரப்படுவது ஊதியமன்று, ‘மதிப்பூதியம்’. பணிக்கொடைக்கே 2022இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது.)

பெற்றோரே ஒடியாவையும் ஆங்கிலத்தையும்தானே கேட்கிறார்கள் என்பர். கேட்பது நியாயமே, வேலையும் அலுவலகமும் அம்மொழிகளில் இருக்கின்றன. ஆனால் இரண்டாம் மொழியைக் கற்பிக்க முதல் மொழியை வாசலில் நிறுத்த வேண்டிய அவசியமில்லை. 21அ உறுப்பின் வயது வரம்பை மூன்றிலிருந்து தொடங்கச் செய்வதும், பணியாளர் நியமனத்தில் அங்கு வரும் குழந்தைகளின் மொழியறிவைத் தகுதியாக்குவதும், அப்பணிக்கு முறையான ஊதியம் தருவதும் ஒரே கோரிக்கையாக எழுப்பப்பட வேண்டியவை.