சுவருக்குக் காவல்! குடியிருப்போனுக்கு?

தோழா!

சன்னல் உளுத்துவிட்டது, மழைச்சாரல் உள்ளே அடிக்கிறது. கையிலிருந்த காசுக்கு ஏற்ற சன்னலொன்றை வைக்கிறான் வீட்டுக்குடையவன். மறுநாள் வாயிலில் அதிகாரி: "யாரைக் கேட்டு மாற்றினாய்?"

அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரிலே, பழைய வட்டாரத்து வீடுகளுக்கு 1931 முதல் அப்படியொரு சட்டம் உண்டு. தெருவிலிருந்து தெரியும் புறத்தோற்றத்தை மாற்றிடக் கட்டடக்கலைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வரலாற்று வட்டாரத்துக்கென அந்நாட்டில் எழுந்த முதற்சட்டம் அதுவே.

சட்டமே தவறென்பேனல்லேன். பழம்பெரும் மனைகளை இடித்துப் பெட்ரோல் நிலையங்கள் எழுப்பிய காலத்தில் எழுந்த தற்காப்பு அது. ஆனால் விந்தையைக் கேள்! சன்னலுக்கு ஒப்புதல் கேட்ட சட்டம், வீட்டையே இடிப்பதைத் தடுக்கும் அதிகாரத்தைத் தொடக்கத்தில் அக்குழுவுக்கு அளிக்கவில்லை. பல்லாண்டு கழித்தே அளித்தது. செப்பனிடுவோனுக்குக் கேள்வி, இடிப்போனுக்கு வழி!

1959இல் அந்நகரின் ஆன்சன்பரோ பகுதியில், பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்கும் பணி தொடங்கிற்று. வீடுகள் பிழைத்தன. வாடகைக்கு வாழ்ந்த எளியோர், கறுப்பின மக்கள் பலர், வெளியேறினர். சுவர் நின்றது, விளக்கேற்றியவர் சென்றனர்!

தெருவின் எழில் ஊருக்குச் சொத்தெனில், அதைக் காக்கும் செலவு மட்டும் ஒருவன் தலையிலா? பழைய முறையில் மரமும் சுண்ணாம்பும் கேட்கும் அரசே, விலையில் பங்கு கொடு. விரைவில் ஒப்புதல் கொடு. அதற்குப் பின்னும் மீறினால் தண்டனை கொடு! ஒப்புதலின்றிச் செப்பனிட்டோரெல்லாம் ஊர்ப்பகைவர் அல்லர். மழைக்கு அஞ்சியோரும் உண்டு.

வரலாற்றைக் காப்போம், தோழா! அதனுள் வாழ்வோனையும் சேர்த்தே காப்போம்!