அழிரப்பருக்குப் பதில் பசை கொடுங்கள்

சுதந்திர தினம், குழந்தைகள் தினம் என்றால் ஊருக்கு ஊர் ஓவியப் போட்டி. கோட்டுப் படம் அச்சடித்த தாளைக் கொடுப்பார்கள். கோட்டைத் தாண்டாமல் வண்ணம் நிரப்பும் பிள்ளைக்குப் பரிசு. புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றும் நடுவராக அழைக்கிறார்கள். போகிற இடமெல்லாம் ஒன்றைச் சொல்கிறேன்: இந்தப் போட்டிகள் பிள்ளைகளுக்குப் பயத்தைத்தான் பழக்குகின்றன.

"சார், கெட்டுப்போச்சு. வேற சார்ட் தாங்க." வகுப்பில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். அழித்து அழித்தே தாளைக் கிழித்துவிட்ட ஒரு பையனிடம், புதுத் தாளுக்குப் பதில் பசையும் பழைய செய்தித்தாளும் கொடுத்தேன். கிழிசலுக்குப் பின்னால் ஒட்டினான். வரைந்திருந்த வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்து உள்ளே செங்கல் தெரிவதுபோல் அது அமைந்தது. அன்று முழுக்க அந்தச் சுவரையே இழைத்துக்கொண்டிருந்தான்.

இதில் புதுமை ஏதுமில்லை. நம் ஊரில் மண்குதிரை செய்யும் குயவர்களான வேளார்கள் காலங்காலமாகச் செய்வதுதான். அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு ஊரார் பிடிமண், அதாவது ஒரு பிடி மண், கொடுத்ததும் வேலை தொடங்கும். கண்மாய் மண்ணைத் தனியாகப் பிசைந்து அவ்வளவு பெரிய குதிரையைச் செய்தால் காயும்போதே வெடித்துவிடும். அதனால் மணலும் உமியும் கலக்கிறார்கள். சூளையில் உமி எரிந்து நுண்துளைகள் விழுகின்றன. சூட்டை மண் தாங்குகிறது. கால், வயிறு, கழுத்து என்று பகுதி பகுதியாக வளர்க்கிறார்கள். நடுவில் ஒரு விரிசல் கண்டால் ஈரமண் வைத்து அடைத்து, தட்டி, மேலே போகிறார்கள். குதிரையைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதில்லை.

ஆனால் எல்லாப் பிழையும் இப்படி அடைபடாது. ஆவி போக வயிற்றில் துளை விட மறந்தால் சூளைக்குள் குதிரை சிதறிவிடும். 'தவறு செய், அதுதான் கலை' என்று வெறுமனே முதுகில் தட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. எந்தப் பிழையோடு வாழலாம், எது வேலையையே கெடுக்கும் என்பது மண்ணில் கை வைத்தவருக்குத்தான் பிடிபடும். பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பைத்தான் கேட்கிறேன்.

பலவற்றைக் கலந்து செய்வது நம் மண்ணுக்கு அந்நியமும் இல்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை, துணி, சுண்ணப்பொடிக் குழம்பு, கண்ணாடிக் கல், தங்கத் தகடு எல்லாம் ஒன்று சேர்கின்றன. மாசிமகத்தன்று குளமங்கலம் அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். பிரம்மாண்டமான குதிரைச் சிலை காகிதப் பூமாலைகளுக்குள் மூழ்கி நிற்கும். சித்தன்னவாசல் குகைக் கோயிலில் சுண்ணச் சாந்துப் பூச்சின் மேல் தாமரைக் குளம் விரிகிறது. அங்கே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஓவிய அடுக்குகளை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. நாம் வியந்து பார்ப்பது ஒரே மூச்சில் முடிந்த வேலையை அல்ல.

பாரிசில் 1912இல் பிக்காசோ, நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியைத் தன் ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிறு கட்டியதை உலகம் பெரிய திருப்பம் என்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டி, கம்பிகளைப் பற்றவைத்துச் சிற்பங்கள் செய்தார். அவற்றில் நம் கோயில் கவசங்களின் சாயல் உண்டு. பிக்காசோவைப் பாடமாகச் சொல்லும் நாம், பக்கத்துத் தெரு வேளாரை ஒரு நாளாவது வகுப்புக்குக் கூப்பிட்டிருக்கிறோமா?

'முதலில் ஒழுங்காக வரையக் கற்கட்டும், சோதனை எல்லாம் பிறகு' என்பார்கள் சக ஆசிரியர்கள். கைப்பழக்கம் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அச்சடித்த கோட்டுக்குள் வண்ணம் நிரப்பினால் கோடு போடும் கை எப்படி வரும்? ஆடும் கோட்டை நூறு முறை போட்டால்தான் கோடு நிற்கும்.

அதற்கு நேரம் வேண்டும். அரசுப் பள்ளிகளில் 2012இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஓவிய ஆசிரியர்களுக்கு வாரத்தில் மூன்று அரைநாள்கள்தான் வேலை. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பிறகு சம்பளம் கொஞ்சம் உயர்ந்தது. நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் நின்றதே மிச்சம். பல வகுப்புகளைச் சுற்றி வரும் ஒருவரால், கெட்டுப்போன படத்தின் பக்கத்தில் உட்கார்ந்து 'இதை என்ன செய்யலாம்?' என்று கேட்க முடியுமா?

என் கோரிக்கைகள் பெரிய செலவு வைக்காதவை. கோட்டுப் படப் போட்டிகளை நிறுத்துங்கள். ஓவிய வகுப்புக்கு இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கொடுங்கள். களிமண், உமி, பழந்துணி, பசை ஆகியவை மேசையில் இருக்கட்டும். பள்ளிக் கண்காட்சியில் முடிந்த படத்தோடு, அதற்கு முன் கெட்டுப்போன படங்களையும் மாட்டுங்கள். நடுவர்கள் முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடட்டும்.